நான் வெட்டிய ‘இன்னைக்கு’

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிழையிலிருந்து வந்தது. வேறு யாராவது தோண்டியெடுத்து நீட்டுவதற்குள் நானே ஒப்புக்கொள்வது நல்லது.

எழுத்தாளர் என்று நான் சொல்லிக்கொள்வது விடுமுறை நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் நான் சுருக்கெழுத்தாளர். படைப் பணியில் பட்ட காயத்தாலோ அங்கே வந்த நோயாலோ இனி வேலை பார்க்க முடியாதவர்களுக்கு அரசு ஓர் உதவித்தொகை கொடுக்கிறது. கேட்டு வருகிறவருக்கு அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவுசெய்ய ஒரு குழு இருக்கிறது. தலைவர் ஒருவர், மருத்துவர் ஒருவர், ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர். அவர்கள் கேட்பதையும் வந்தவர் சொல்வதையும் கோடும் சுழியுமாகக் கிறுக்கி, பிறகு தட்டச்சு செய்து ஃபைலில் சேர்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அதே மேசை, அதே சன்னல், சன்னலுக்கு வெளியே அதே சைக்கிள் நிறுத்தம்.

என் பதிவுகள் சுத்தமானவை என்று அலுவலகத்தில் பேர். பேசுகிறவர்கள் ‘வந்து’, ‘அதாவது’, ‘பாத்தீங்கன்னா’ என்று வாரி இறைப்பார்கள். நான் பொறுக்கி எறிந்துவிடுவேன். தேவையில்லாத ஒரு சொல் வாக்கியத்தில் நின்றால் எனக்குச் செருப்புக்குள் கல் கிடப்பது மாதிரி இருக்கும். “உங்க பக்கத்தப் படிச்சாத் தலவலி வராதும்மா” என்று தலைவர் ஒருமுறை சொன்னார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மிதப்பில்தான் ஒரு மனிதர் சொன்ன இரண்டு சொற்களில் ஒன்றை வெட்டினேன். அந்த ஒரு சொல்லால் அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியானது.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று காகிதங்களைக் கசக்கியிருக்கிறேன். கசக்கியதைப் பிரித்து உங்களுக்கும் காட்டுகிறேன்.

முதலாவது: ‘வெடிச்சத்தம் கேட்ட நொடியில் அவர் தன் மனைவியின் முகத்தை’

(இதற்கு மேல் போகவில்லை. அந்த நொடியில் அவர் யார் முகத்தையும் நினைக்கவில்லை, ஜீப்பில் தண்ணீர்க் கேனை மூடினோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். மனைவியே சிரித்துக்கொண்டு சொன்னாள்.)

இரண்டாவது: ‘குழுவின் முன்னால் நின்றபோது அவருடைய கைகள் கிடுகிடுவென நடுங்கின.’

(பொய். அன்று நடுங்கவில்லை. அன்று பார்த்து நடுங்காமல் இருந்ததுதான் வினையே.)

மூன்றாவது: ‘ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் சன்னலின் முன் ஒரு பெண் வந்து நின்றாள்.’

இது உண்மை, ஆனால் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது. இருந்தாலும் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் சன்னலின் முன் ஒரு பெண் வந்து நின்றாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவின் நீலச் சீருடை. அவள் கையில் மடிப்புக் கலையாத ஒரு காகிதம் இருந்தது. நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் என்பது பிறகு தெரிந்தபோது அந்த மடிப்பின் நேர்த்தியும் புரிந்தது.

“மேடம், இத டைப் பண்ணது யாருங்க?”

“நான்தான். என்ன வேணும்?”

“இதுல ஒரு வார்த்த விட்டுப்போச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. என் பக்கத்தில் எழுத்துப் பிழை என்று இதுவரை யாரும் வந்ததில்லை. வாங்கிப் பார்த்தேன். ‘கைகள் எப்படி உள்ளன என்று மருத்துவர் வினவியதற்கு, சரியாக உள்ளன என்று விண்ணப்பதாரர் கூறினார்.’ கச்சிதமாக இருந்தது.

“இதுல என்ன தப்பு?”

“எங்க வீட்டுக்காரர் வெறும் சரின்னு சொல்ல மாட்டாருங்க.”

“நீங்க உள்ள இருந்தீங்களா?”

“இல்ல. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன்.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பதற்குச் சாட்சி கேட்கிறவளைப் பார்க்கிற பார்வை.

“மேடம், நாலு வருஷமா தினமும் காலையில நான் கேக்குறேன், அவர் சொல்றார். ‘இன்னைக்கு சரி’ம்பார், இல்லன்னா ‘இன்னைக்கு இல்ல’ம்பார். இன்னைக்குங்கற வார்த்த இல்லாம ஒரு நாளும் சொன்னதில்ல. உங்க நோட்டு எங்கயாச்சும் இருக்கும்ல? கொஞ்சம் பாருங்களேன்.”

அவளை உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன். பார்க்கத் தேவையே இல்லை, எனக்கு நினைவிருந்தது. அவர் விறைப்பாக எழுந்து நின்று, இரு கைகளையும் உள்ளங்கை கீழே இருக்கும்படி நீட்டி, “இன்னைக்கு சரிங்க” என்றார். ‘இன்னைக்கு’ என்பது வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்தேன். இன்று கேட்டால் இன்றைக்குத்தானே பதில் சொல்வார்கள், இதை வேறு தனியாக எழுத வேண்டுமா என்று நினைத்தேன். நோட்டில் அந்தக் குறி இருந்தது. அதன் கழுத்தில் குறுக்காக என் பென்சில் கோடு.

4

(இந்தப் பகுதியைக் கதையின் அடிக்குறிப்பாகப் போடலாம் என்றிருந்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவிலேயே வைக்கிறேன்.)

அவள் கணவருக்குப் படைப் பிரிவில் ‘அங்குலம்’ என்று பேர். கண்ணிவெடி அகற்றுகிறவர். மண்ணில் மண்டியிட்டு, மெல்லிய கம்பியைச் சாய்வாக இறக்கி, அங்குலம் அங்குலமாகத் தடவிப் போகிற வேலை. மற்றவர்கள் ஒரு நாளில் முடிக்கும் இடத்துக்கு இவர் ஒன்றரை நாள் எடுப்பார். அதைக் கிண்டல் செய்துதான் அந்தப் பேரை வைத்தார்கள், ஆனால் அவர் முடித்த நிலத்தில் முதல் ஆளாக நடக்கப் போட்டி போட்டார்களாம்.

எட்டுப் பேர் கொண்ட குழு. காலையில் நிலத்தில் இறங்கும் முன் தலைமையாள் வரிசையாக நிற்கவைத்துக் கேட்பார்: “கை?” ஒவ்வொருவரும் கையை நீட்டிக் காட்ட வேண்டும். “இன்னைக்கு சரி” அல்லது “இன்னைக்கு இல்ல”. வேறு பதில் கிடையாது. அதைக் கைப் பதிவேடு என்று ஒரு நோட்டில் குறிப்பார்கள். இல்லை என்றவன் அன்று வெளியே இருந்து டீ போடுவான், கம்பிகளைத் துடைப்பான். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நேற்றுச் சரியாக இருந்தது என்பது செல்லாது. நாளைக்குச் சரியாகிவிடும் என்பதும் செல்லாது. அங்கே கைக்கு ஆயுள் ஒரு நாள்தான்.

“பதினோரு வருஷத்துல பதினேழு தடவ ‘இன்னைக்கு இல்ல’ன்னு சொல்லியிருக்கார்” என்றாள் அவள். தன் பிள்ளை வாங்கிய மெடலைச் சொல்கிற தொனி. “எட்டுப் பேரும் முழுசா வீட்டுக்கு வந்தாங்கன்னா அந்தப் பதினேழாலதான்னு சொல்லுவார்.”

அப்படியானால் அடிபட்டது எப்படி? நானும் கேட்டேன். வேலை முடிந்து திரும்பும்போது. வேறொரு பிரிவு ஏற்கெனவே பார்த்துவிட்டு, ‘சரி’ என்று எழுதிக் கொடுத்திருந்த சாலையில். ஜீப் தூக்கி எறியப்பட்டது. அதன் பிறகு அவருக்கு ஒரு காதில் ஓயாத ரீங்காரம். தலை திரும்பினால் தரை சாய்கிறது. இரண்டு கைகளும் சொல்லாமல் கொள்ளாமல் உதறும், சில நாள் உதறாது. எப்போது உதறும் என்று மருத்துவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

யாரோ யோசிக்காமல் எழுதிய ஒரு ‘சரி’. அதைக் கேட்டபோது என் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. அவள் எழுந்து போய் வராந்தாப் பானையிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போதுதான் முதல் முறையாக, “குடிங்கக்கா” என்றாள்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அங்குலத்தை நான் ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ? குறையே இல்லாத ஆளை வாசகர் நம்ப மாட்டார். அதனால் அவருக்கு ஒரு கோபத்தையோ குடியையோ கொடுக்கலாம் என்று பார்த்தேன். ‘ஒரு நாள் மாலை அவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துச் சுவரில்’

(வெட்டிவிட்டேன். அவளிடம் கேட்டேன், அப்படி எதுவும் நடந்ததில்லை. பிடிவாதம் உண்டாம். பால் பொங்கும்போதுகூட அவசரப்பட மாட்டாராம். அது அவளுக்குப் போதுமான குறை.)

அதற்குப் பதில் திருகாணிக் கடையைச் சொல்கிறேன். இதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் கதையில் நான் கை வைக்காத பகுதி இது.

படையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகு அவர் மருந்துக் கிடங்கில் ஒன்பது நாள், அச்சகத்தில் இரண்டு வாரம் இருந்தார். கை உதறிய அன்று இரண்டு இடத்திலும் முடிந்தது. பிறகு இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். பின்கட்டில் ஒரு மேசை. கலந்து கிடக்கும் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து டப்பாவில் போட வேண்டும். உட்கார்ந்த இடத்து வேலை, முடிகிற நாளில் வந்தால் போதும். அங்குலத்துக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரத்தில் தலை நசுங்கிய ஒரு திருகாணி கையில் தட்டுப்பட்டது. அதைப் போன வாரமும் அவர் பிரித்திருந்தார். நிலத்தைத் தடவியே பதினோரு வருடம் வாழ்ந்த விரல், ஒரு முறை தொட்டதை மறக்குமா? மாலையில் அவர் பிரித்து வைப்பதைக் கடைக்காரர் எடுத்துப்போய்த் திரும்பவும் கலக்கிக்கொண்டிருந்தார். அங்கே செய்வதற்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. நல்ல மனிதர், வேலை இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தார்.

“வந்து உங்ககிட்ட சொன்னாரா?” என்று கேட்டேன்.

“ஒரு மாசம் சொல்லல. அவர் பாட்டுக்குப் போயிட்டு வந்தார். கடைக்காரர் அதுல சந்தோஷமா இருந்தாராம், உடனே நிறுத்துனா மனசு கஷ்டப்படுமாம். அப்புறம் ஒரு நாள் போய், ‘மொதலாளி, தினமும் கலக்கிக் கலக்கி உங்களுக்குக் கை வலிக்கும். நாளையிலேருந்து நான் வரல’ன்னு சொல்லிட்டு, அந்த நசுங்குன ஆணிய மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்துட்டார்.”

“அழுதாரா?”

“சிரிச்சார்க்கா. நான்தான் அழுதேன்.”

6

தவறைத் திருத்த ஒரே வழி இருந்தது. என் சுருக்கெழுத்து நோட்டைத் தலைவரின் மேசையில் வைத்து, இந்தச் சொல்லை நான் வெட்டினேன் என்று எழுதிக் கொடுப்பது. சொல்ல எளிது. இருபத்திரண்டு வருடச் சுத்தமான பேர் ஒரு பக்கம் கிடந்தது. மூன்று நாள் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடந்தேன்.

(கதையில் இதை ஒரே நாளாகச் சுருக்கியிருக்கலாம். இனி எதையும் சுருக்குவதில்லை என்று முடிவு.)

நான்காம் நாள் கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பெரிய மனுவா?”

“அந்த ஒரு வார்த்தைதான் சார் அவரோட வழக்கே.”

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அங்குலத்துக்கு மறுவிசாரணைத் தேதி வந்தது. இரண்டையும் ஒரே நாளில் நானே தட்டச்சு செய்தேன்.

7

மறுவிசாரணை. இந்த முறை மனைவியையும் உள்ளே விட்டார்கள். சலவைப் பிரிவில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, தோளில் ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். அங்குலம் அதே இஸ்திரி போட்ட சட்டையில். அன்று கைகள் உதறிக்கொண்டிருந்தன. அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“கை எப்படி இருக்கு?” என்றார் மருத்துவர்.

“இன்னைக்கு இல்லைங்க.”

‘இன்னைக்கு’ என்று தெளிவாக எழுதிக்கொண்டேன்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். கடுமையான ஆள் இல்லை, விதிக்குக் கட்டுப்பட்டவர். “பாருங்க, போன தடவ சொன்னதுக்கு அர்த்தம் இப்பப் புரியுது. ஆனா விதியில ‘இனி எப்போதும் வேலை செய்ய இயலாதவர்’னு இருக்கு. அத நீங்க உங்க வாயால சொன்னாப் போதும். சொல்லிடுங்க.”

அவள் கணவனைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது, இது கடைசி வாய்ப்பு, மூன்றாவது முறை கேட்க வழியில்லை.

“அத நான் சொல்ல முடியாதுங்க” என்றார் அங்குலம்.

“ஏன்?”

“நாளைக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாதத தெரிஞ்ச மாதிரி ஒருத்தர் எழுதிக் குடுத்த ரோட்டுலதான் நான் அடிபட்டேன்.”

இந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. எழுத்தாளருக்குரிய ஆசை தொற்றிக்கொண்டது. இங்கே எத்தனை முடிவுகள் வைக்கலாம்.

முடிவு அ: அவர் மனைவியின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, ‘இனி எப்போதும் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் அந்த ஆள் அங்குலம் இல்லை, வேறு யாரோ.

முடிவு ஆ: ஓய்வுபெற்ற அதிகாரி கண் கலங்கி எழுந்து நின்று அவருக்கு வணக்கம் வைக்கிறார். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் அதிகாரி பேனா மூடியைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்திருந்தார்.

முடிவு இ: தலைவர் ஃபைலை மூடுகிறார். அவ்வளவுதான். (எழுதியதும் கசக்கிவிட்டேன்.)

நடந்தது இது. அவள் எழுந்தாள். “சார், அவர் நாளையப் பத்திச் சொல்ல மாட்டார். அது அவங்க வேலையோட முறை. அத மாத்தச் சொல்லாதீங்க. நான் நேத்தயப் பத்திச் சொல்லலாமா?”

துணிப்பையிலிருந்து மருந்துக்கடை இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர்கள் வெளியே வந்தன. ஐந்து. மூலைகளில் எண்ணெய்க் கறை, ஒன்றில் டம்ளர் வைத்த வட்டம். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் ஒரு புள்ளி அல்லது ஒரு பெருக்கல் குறி.

“இது என்னம்மா?”

“கைப் பதிவேடு. அவங்க பிரிவுல இருந்ததுதான். இவர் வீட்டுக்கு வந்த மறுநாள்லேருந்து நான் போடுறேன். புள்ளின்னா சரி. பெருக்கல்னா இல்ல. சில புள்ளிய மத்தியானம் குறுக்கே அடிச்சிருப்பேன், காலையில சரின்னு சொல்லிட்டு அப்புறம் போயிருக்கும்.”

அங்குலம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தினமும் கேட்பது அவருக்குத் தெரியும். எழுதி வைத்தது தெரியாது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அந்தக் காலண்டர் தொங்கியதாம், அதில் இருப்பது பால் கணக்கு என்று நினைத்திருந்தாராம். அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற மனிதர் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பார்க்கவில்லை. அவர் முகத்தில் அப்போது வந்ததற்கு என்ன பெயர் என்று வெகுநேரம் யோசித்தேன். பெருமைதான். சுத்தமான பெருமை. தன் பிரிவில் ஒன்பதாவதாக ஓர் ஆள் இவ்வளவு நாளும் வரிசையில் நின்றிருக்கிறாள் என்று கண்டுகொண்டவரின் பெருமை.

மருத்துவர் பென்சில் முனையால் கட்டம் கட்டமாக எண்ணத் தொடங்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நாலு வருடம் இரண்டு மாதத்தில் குறுக்கே அடிக்காத புள்ளி தொடர்ந்து வந்தது அதிகபட்சம் மூன்று நாள்.

“ரெண்டே நாள்தான் விட்டுப்போயிருக்கு” என்றார் மருத்துவர், மெதுவாக.

“எனக்குக் காய்ச்சல்ல ரெண்டு நாள் எந்திரிக்க முடியல சார். அதான் காலியா விட்டேன். தெரியாதத எழுதக் கூடாதுல்ல.”

8

அந்த விசாரணையின் பதிவு பதினான்கு பக்கம் வந்தது. எல்லா ‘வந்து’வும் இருந்தது, எல்லா ‘பாருங்க’வும் இருந்தது. “என்னம்மா இது, ராமாயணமா?” என்றார் தலைவர். “அவங்க சொன்னது சார்” என்றேன். அவர் கடைசிப் பக்கம்வரை படித்தார், பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை.

முடிவை அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். ஆகவே எனக்குத் தெரியும். ஆனால் உரியவர் கையில் கவர் சேரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கவர் இதோ என் மேசையில் இருக்கிறது. தபால் கட்டு நாளைக்குப் போகும். உங்களுக்கு முன்பே தெரிந்தாக வேண்டும் என்றால், தலைவரின் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். ஐந்து காலண்டர்கள், விதியின் ஒரு வரி, சொல்ல மறுத்த ஒரு மனிதர். எல்லாவற்றையும் உங்கள் முன் வைத்துவிட்டேன், இந்த முறை எதையும் வெட்டவில்லை.

கவர் போய்ச் சேரும் காலையை மட்டும் எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன். இதை நான் பார்க்கப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டின் முறை எனக்கு இப்போது தெரியும்.

சமையலறை மேசை. ஒரு பக்கம் ஆறாவது காலண்டர், அது இப்போது கதவுக்குப் பின்னால் இல்லை, இருவருக்கும் தெரிகிற சுவரில். மேசை நடுவில் பிரிக்காத கவர். சலவைப் பிரிவுக்குக் கிளம்ப அவளுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அங்குலம் கவரை எடுக்கப் போகிறார்.

“இருங்க” என்கிறாள். “மொதல்ல கை. அப்புறம்தான் கவர். சரின்னா நீங்க பிரிங்க. இல்லன்னா நான் பிரிக்கிறேன்.”

அவர் நிமிர்ந்து நிற்கிறார். இரு கைகளையும் உள்ளங்கை கீழே இருக்கும்படி மேசைக்கு மேல் நீட்டுகிறார். அவசரமே படாமல், ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறார். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு இன்றைய கட்டத்தின் முன் நிற்கிறாள்.

“கை?”

“இன்னைக்கு